மூக்கு வனைந்த கைகள்

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. 1809-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர் தமது படைவீட்டை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக்கொண்டபோது, சென்னை ராஜதானிப் படையைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் குடியேறின. ‘தண்டு’ என்று ஊரார் இன்றும் வழங்கும் அப்படைவீட்டைச் சுற்றிய தெருக்களில் தமிழ் கேட்பது புதுமையன்று. நான் வசிக்கும் தெருவும் அத்தகையதே.

எங்கள் வீட்டு மாடியறையில் தஞ்சாவூர்ப் பக்கத்து இளம் மருத்துவர் ஒருவர் குடியிருக்கிறார். மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள், பொது அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற மூன்று ஆண்டுகள் என்று எட்டரை ஆண்டுகளைச் செலவிட்டுவிட்டு, இப்போது பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் துறையில் மேலும் மூன்றாண்டுப் பயிற்சி பெற்று வருகிறார். கீழ்வீட்டுப் பாட்டியம்மாள் ஒருநாள் அவரை மாடிப்படியில் மறித்து, “ஏன் தம்பி, பிளாஸ்டிக்கை உள்ளே வெச்சுத் தைச்சா வெயில்லே உருகாதா?” என்று கேட்டார். “பிளாஸ்டிக்கே கிடையாதுங்க பாட்டி. உங்க தோலை எடுத்து உங்களுக்கே வெக்கிறதுதான்” என்றார் அவர். பாட்டிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. பெயர் அப்படி இருக்கிறதே!

பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. களிமண்ணையும் மெழுகையும் பிசைந்து உருவம் வனைவதைக் குறித்த சொல் அது. 1818-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கிரேஃபே மூக்கு வனையும் முறை பற்றி எழுதிய நூலுக்கு ‘ரைனோபிளாஸ்டிக்’ என்று பெயரிட்டார். நாம் இன்று வாளியும் குடமுமாகப் புழங்கும் பிளாஸ்டிக் என்னும் பொருள் அதற்கு நெடுங்காலம் பின்னரே வந்தது. ஆகவே தமிழில் ‘வனைவு அறுவை’ என்று சொல்லலாமா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய எண்ணங்கள் வேண்டாத நேரத்தில் எல்லாம் தோன்றும். அது நிற்க, இச்சொல்லில் குயவனின் கை மறைந்திருப்பது வெறும் சொல்லளவில் அன்று. சரித்திரத்திலும் அவ்வாறே இருக்கிறது. அச்சரித்திரமோ நாம் குடியேறி வாழும் இந்த மைசூர்ச் சீமையோடு நெருங்கிய தொடர்புடையது.

1790 முதல் 1792 வரை கம்பெனியாருக்கும் திப்பு சுல்தானுக்கும் மூன்றாவது மைசூர் யுத்தம் நடந்தது. கார்ன்வாலிஸ் பிரபு சென்னையிலிருந்து படை நடத்தி வந்து, 1791-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆம் தேதி பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். அக்காலத்துப் போர் பீரங்கியால் நடந்தது என்று நாம் படிக்கிறோம். பீரங்கியை இழுத்தவை எருதுகள். அரிசியையும் வெடிமருந்தையும் சுமந்தவையும் எருதுகளே. அவ்வாண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய கார்ன்வாலிஸ், எருதுகள் நோயாலும் பசியாலும் ஆயிரக்கணக்கில் மடிந்து விழுந்ததால், கொண்டு வந்த பெரும் பீரங்கிகளைத் தாமே சிதைத்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. எருது ஓட்டிகளும் வண்டிக்காரர்களும் சரக்கு சுமப்போருமாகப் படைவீரர்களைவிடப் பன்மடங்கு மக்கள் படையின் பின்னே நடந்தார்கள். வரலாற்று நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை.

ஒருவருடைய பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. கவாஸ்ஜி என்று அதை ஆங்கிலேயர் எழுதினார்கள். உழவர் குலத்தைச் சேர்ந்த மராட்டியரான அவர் ஆங்கிலப் படையில் எருது ஓட்டியாக இருந்தார். போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பின்னர் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் பம்பாய்ப் படையோடு வந்து சேர்ந்தார். கம்பெனியார் அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தனர்.

மூக்கறுத்தல் என்பது திப்புவின் கண்டுபிடிப்பு அன்று. சூர்ப்பனகையின் கதை தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ‘அவனுக்கு மூக்கறுந்து போயிற்று’ என்று இன்றும் பேச்சில் வழங்குகிறோமே, அதன் பொருள் காயம் அன்று, அவமானம். 1656-ஆம் ஆண்டையொட்டி மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜருடைய படை மதுரை நாட்டினுள் புகுந்து, எதிர்ப்பட்ட குடிமக்களின் மூக்குகளை அறுத்துச் சென்றது. திருமலை நாயக்கர் அப்போது நோயுற்றுக் கிடந்தார். சேதுநாட்டு ரகுநாத சேதுபதி படை திரட்டிச் சென்று மைசூரார்களை விரட்டினார். பின்னர் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் நுழைந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. ‘மூக்கறு போர்’ என்று அதற்குப் பெயர். அறுபட்டவற்றுள் பெரும்பாலானவை உழுதவன், நூற்றவள், மாடு மேய்த்தவன் ஆகியோருடையவை என்பதைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த எளியோருள் யாருக்கேனும் புதிய மூக்கு வாய்த்ததா? ஏடுகள் வாய் திறக்கவில்லை.

கவாஸ்ஜிக்கு வாய்த்தது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் மூக்கின்றி வாழ்ந்தார். பிறகு பூனாவுக்கு அருகே ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். பம்பாய் ராஜதானியைச் சேர்ந்த இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இத்தகைய சிகிச்சையை நேரில் கண்டனர். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியின் முகத்தைத் தீட்டினார். 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மாகஸின்’ என்ற இதழில் அப்படமும், ‘பி. எல்.’ என்று மட்டும் கையொப்பமிட்ட ஒரு கடிதமும் வெளியாயின. இம்முறை இந்தியாவில் அபூர்வமானது அன்று, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நடந்து வருவது என்று அக்கடிதம் கூறிற்று.

முறை என்னவென்று பார்ப்போம். முதலில், அறுபட்ட மூக்கின் அடிப்பகுதியின் மீது மெல்லிய மெழுகுத் தகட்டை வைத்து, நல்ல மூக்கின் வடிவில் அதை அழுத்தி வனைகிறார் வைத்தியர். பிறகு அத்தகட்டைத் தட்டையாக்கி நெற்றியின் மேல் பரப்பி, ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைகிறார். தையற்காரர் துணியில் அளவு குறிப்பதைப் போன்ற வேலைதான். அக்கோட்டின் வழியே நெற்றித் தோலை அறுத்து எடுக்கிறார். ஆனால் முழுதும் எடுத்துவிடுவதில்லை. இரு புருவங்களுக்கும் நடுவே ஒரு சிறு காம்பு அறுபடாமல் விடப்படுகிறது. இலைக்குக் காம்பு எப்படியோ அப்படி அத்தோல் மடலுக்கு அந்தக் காம்பு. அதன் வழியாகத்தான் இரத்தம் ஓடுகிறது. பிறகு பழைய தழும்பைச் சீவிப் புண்ணாக்கி, மேலுதடு வரையில் ஒரு பள்ளம் கீறி, நெற்றித் தோலை அரைவட்டம் திருப்பிக் கீழே இறக்கி, அதன் ஓரத்தை அப்பள்ளத்தில் பொருத்துகிறார். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப்பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டிவிடுகிறார். நான்கு நாள் கழித்து அவற்றை நீக்கிவிட்டு நெய்யில் தோய்த்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகளில் மெல்லிய துணி வைக்கப்படுகிறது, அவை அடைந்து போகாதிருக்கும் பொருட்டு. இருபத்தைந்தாம் நாள் அளவில் காம்பு அறுக்கப்படுகிறது.

இந்த இருபத்தைந்து என்ற எண்ணை நான் மாடியறை மருத்துவரிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். நெற்றித் தோலால் மூக்கமைக்கும் முறை இன்றும் கைவிடப்படவில்லை. இன்றும் காம்பை ஏறத்தாழ மூன்று வாரம் கழித்தே பிரிக்கிறார்கள். புதிய இடத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் மடலுக்குள் வளர்ந்து, அதைத் தாங்கும் வலிமை பெற அவ்வளவு நாள் ஆகிறது. அதற்கு முன் காம்பை அறுத்தால் புது மூக்கு கருகிப் போகும். பூனாவில் இருந்தவருக்கு இரத்தக் குழாய் வளர்வதைக் காட்டும் கருவி எதுவும் இல்லை. எத்தனை மூக்குகள் கருகக் கண்டு அவருடைய முன்னோர் அந்த நாள் கணக்கை அறிந்தார்களோ!

யார் அவர்? கடிதத்தில் மூக்கிழந்தவரின் பெயர் இருக்கிறது. கண்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஓவியரின் பெயர் இருக்கிறது. மூக்கு வனைந்தவருக்கு மட்டும் பெயர் இல்லை. செங்கல் செய்யும் குலத்தவர் என்பதோடு சரி. இவ்விடத்தை மொழிபெயர்க்க முயன்றபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. தமிழில் நாம் செங்கல் ‘செய்வது’ இல்லை, செங்கல் ‘அறுக்கிறோம்’. சேற்றை மிதித்துப் பதப்படுத்தி, அச்சில் அழுத்தி, ஓரத்தை வழித்துச் சீராக எடுப்பதற்கு அறுத்தல் என்று பெயர். மெழுகைத் தகடாக்கி அச்செடுத்து அதன்படி தோலை அறுத்த அம்மனிதருக்கு, இதைவிடப் பொருத்தமான தொழிற்பெயரை எந்த மொழி தரப்போகிறது?

அவர் எங்கே கற்றார் என்னும் கேள்விக்கு வருவோம். சுசுருத ஸம்ஹிதையில் மூக்கமைக்கும் முறை கூறப்பட்டிருப்பது உலகறிந்த செய்தி. அதிலே ஒரு மரத்தின் இலையைக் கொண்டு அளவெடுத்து, கன்னத்திலிருந்து தோல் எடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆமணக்குத் தண்டினாலான குழாய்களை மூக்கினுள் வைக்கச் சொல்லியிருக்கிறது. நெற்றித் தோல் பிற்காலத்தில் வந்த திருத்தம். ஆனால் எனக்கு அந்நூலில் மூக்கைக் காட்டிலும் சுவையாகப் பட்டது, மாணாக்கனுக்குக் கைப்பழக்கம் வருவிக்கும் அத்தியாயம். அறுக்கப் பழகுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி. பிளக்கப் பழகுவதற்கு நீரும் சேறும் நிறைத்த தோற்பை. சுரண்டுவதற்கு மயிரோடு கூடிய தோல். நரம்பு குத்துவதற்கு இறந்த விலங்கின் நாளமும் அல்லித் தண்டும். தைக்கப் பழகுவதற்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடுவதற்கு மனித உருவில் செய்த பொம்மை. ஏட்டறிவு மட்டும் உடையவனும், கைப்பழக்கம் மட்டும் உடையவனும் இருவருமே அரைகுறை என்பது அந்நூலின் கொள்கை.

காலப்போக்கில் அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. நூலைப் பாடம் செய்தவர்கள் கத்தியைத் தொட அஞ்சினர். கத்தியைத் தொட்டவர்களுக்கு நூல் மறுக்கப்பட்டது. கலை அழியாமல் இருந்தது எழுத்தறியாத குடும்பங்களிலேதான். பூனாப் பக்கத்தில் செங்கல் அறுப்போர், வடக்கே காங்க்ராவில் ஒரு குடும்பத்தார் என்று தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்து வந்தனர். சுரைக்காய்க்குப் பதில் களிமண் அவர்களுடைய பயிற்சிப் பொருளாக இருந்ததோ என்று நான் எண்ணுகிறேன். அது என் ஊகமே.

லண்டனில் ஜோஸப் கான்ஸ்டன்டைன் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இம்முறையில் ஈடுபாடு கொண்டார். இந்தியாவிலிருந்து திரும்பியோரை எல்லாம் விசாரித்தார். பிணங்களின் மீது திரும்பத் திரும்பச் செய்து பழகினார். 1814-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி ஒரு படை அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கமைத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வர அப்போது இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன. அந்த அதிகாரி விழித்தபடியே பொறுத்துக்கொண்டார். 1816-இல் கார்ப்யூ எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. கடிதம் வெளிவந்து முதல் அறுவைக்கு இருபது ஆண்டுகள்! இன்னொருவர் செய்ததைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், தன் கையால் செய்யத் துணிவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அத்தொலைவைக் கடக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1889-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்ற பேராசிரியர் அதை வகுத்தார். பயிலும் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். பொறுப்பு ஆண்டுக்காண்டு படிப்படியாகக் கூடும். முதலில் பார்ப்பது, பிறகு உதவுவது, பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்கத் தானே செய்வது. உள்ளேயே குடியிருந்ததால் ‘ரெசிடென்ட்’ என்று பெயர் வந்தது. ‘உறைவிட மருத்துவர்’ என்று நாம் மொழிபெயர்க்கிறோம். நம் பழைய குருகுலத்தை அறிந்தவர்க்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இந்தியாவில் இத்துறை மருத்துவக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. முகம் சிதைந்த வீரர்களுக்கென்று அப்போரின்போது படையில் தனிப் பிரிவுகள் இயங்கின. பின்னர் நாகபுரியில் சி. பாலகிருஷ்ணன், பாட்னாவில் ஆர். என். சின்ஹா முதலியோர் துறைகளை வளர்த்தனர். 1957-இல் இந்திய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் தோன்றியது. தமிழகத்திலே வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1940-களின் இறுதியிலிருந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தினார். பிச்சைப் பாத்திரத்தையும் பிடிக்க முடியாத கைகள் கருவி பிடித்து வேலை செய்யத் தொடங்கின. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கு ஒரு பெரிய பயிற்சிக் களத்தையே உருவாக்கினார். இன்று கோயமுத்தூரில் உள்ள கங்கா மருத்துவமனைக்குப் பல நாட்டு மருத்துவர்கள் வந்து பயில்கின்றனர். இங்கே பெங்களூரிலும் 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயம் பட்டோருக்கென்று பெரிய பிரிவு இருக்கிறது. அழகு கூட்டுவதே இத்துறையின் வேலை என்று சினிமாச் செய்திகளைப் படித்து நினைப்பவர்கள் அத்தகைய பிரிவில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். அடுப்புத் தீ, பட்டாசு, இயந்திரத்தில் சிக்கிய விரல், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தை, இவைதான் பயிலும் மருத்துவரின் அன்றாடம்.

பயிற்சிப் பொருள்கள் இன்று என்ன? கேட்டால் சிரிப்பு வரும். கையுறை ரப்பர், கோழிக்காலில் உள்ள இரத்தக் குழாய், பிறகு ஆய்வுக்கூடத்து எலி. நுண்நோக்கியின் கீழே, தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய நைலான் இழையால் ஒரு மில்லிமீட்டர் குழாயைத் தைக்கப் பழகுகிறார்கள். சுரைக்காயும் அல்லித் தண்டும் உருமாறி வந்திருக்கின்றன, அவ்வளவே. ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒருநாள் உயிருள்ள மனிதனிடம் வந்து முடிய வேண்டும். யாரோ ஒருவர் அம்மருத்துவரின் முதல் நோயாளியாக இருந்தே தீர வேண்டும். பெரும்பாலும் அவர் கட்டணம் செலுத்த முடியாதவர், கவாஸ்ஜியைப் போன்றவர். அருகில் ஆசிரியர் நிற்கிறார் என்பதே அவருக்கு இருக்கும் காப்பு. இக்கணக்கு எனக்கு முழு நிறைவு தரவில்லை. வேறு வழி எனக்குத் தோன்றவுமில்லை.

உறைவிட மருத்துவர் என்ற பெயர் நிலைத்தாலும் பெருநகரத்தில் உறைவிடம் கிடைப்பது எளிதன்று. விடுதியில் இடம் போதாதபோது வெளியே அறை தேட வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். எங்கள் மாடிக்கு வருமுன் அவரை ஒரு வீட்டுக்காரர், நள்ளிரவில் கதவு திறப்பவருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினாராம். நள்ளிரவில் கதவு திறக்காமல் இவர் தொழில் நடக்காதே! உடலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தோலும் தசையும் மாற்றி, இரத்தக் குழாய்களை இணைத்த பின்னர், அம்மடலின் நிறத்தை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வெளிறினால் இரத்தம் உள்ளே வரவில்லை, நீலம் பாய்ந்தால் வெளியே போகவில்லை. சில மணி நேரத்துக்குள் மீண்டும் அறுவைக்கூடத்துக்குக் கொண்டு சென்று சரி செய்யாவிட்டால் மடல் இறந்துவிடும். மழை நாளில் பழைய சென்னைச் சாலை நெரிசலில் அகப்பட்டுக்கொண்டு அந்தச் சில மணி நேரத்தை எண்ணிய கதையை அவர் ஒருமுறை சொன்னார். 2011-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் அல்சூரில் நிற்பதால் பகலில் ஓரளவு எளிது. இரவில் அந்த வசதி இல்லை. அவர் இருசக்கர வண்டி மாடிப்படிக்குக் கீழே, வாசலை நோக்கியே நிறுத்தப்பட்டிருக்கும்.

சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலையில் அவர் திரும்பி வந்தபோது பாட்டியம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, ராத்திரி முழுக்கத் தூங்கலையா?” என்றார். சாலை விபத்தில் மூக்கின் ஒரு பக்கத்தை இழந்த ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு முன் நெற்றித் தோல் இறக்கப்பட்டிருந்ததாம். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, காம்பை முந்தின நாள் இவரே முதன்முறையாகப் பிரித்தாராம். இரவு முழுதும் வார்டிலேயே இருந்துவிட்டாராம்.

“நிறம் நல்லா இருக்கு பாட்டி” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.